பழசு 26 நொடி, புதுசு 14 நொடி: புது லேப்டாப் நிஜமாகவே வேகம்தானா?

பாளை வாத்தியார்:

மகளுக்குப் போன மாதம் புது லேப்டாப் வாங்கினேன். 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்கில் வேகமான வகை) என்று கடைக்காரர் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. என் மேஜையில் கிடப்பது 2012-இல் வாங்கிய பழசு. மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டது. இரண்டிலும் விண்டோஸ்தான், பழசில் 10, புதுசில் 11.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா இருக்க முடியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்த்தேன். பட்டனை அமுக்கியதிலிருந்து டெஸ்க்டாப் தெரியும்வரை பழசு 26 நொடி, புதுசு 14 நொடி. மூன்று தடவை பார்த்தாயிற்று, ஒன்றிரண்டு நொடிதான் முன்னே பின்னே. பன்னிரண்டு நொடி மிச்சம் பிடிக்கவா இத்தனை ஆயிரத்தைக் கொட்டினீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. உங்கள் லேப்டாப்பெல்லாம் எத்தனை நொடி? எந்த வருடத்து மாடல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்னையில் நெல்லையான்:

சார், என்னிடம் 2010 மாடல் ஒன்று இருக்கிறது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, எஸ்எஸ்டி. 19 நொடி. விண்டோஸைத் தூக்கிப் போட்டால் பழசே போதும்.

கல்லிடை ஜெராக்ஸ் அக்கா:

தொடங்கிட்டான்யா. தம்பி, எது கேட்டாலும் லினக்ஸ் போடு என்பாய், என் கடை பிரிண்டருக்கு டிரைவர் நீ வந்து போட்டுத் தருவாயா?

வாத்தியார் சார், டெஸ்க்டாப் தெரிகிற நேரத்தை வைத்து நான் என்ன செய்ய. காலையில் ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள், ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ், ஒருவருக்கு வில்லங்கம் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஆதார் பிரிண்ட். பட்டனை அமுக்கியதிலிருந்து முதல் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வருகிறவரைதான் என் கணக்கு. டெஸ்க்டாப் அரை நிமிடத்தில் வந்துவிடும், அப்புறம் ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் கிளம்பும், கைபேசிச் செயலிகளின் கணினி வடிவம் ஒரு பக்கம் தானாகத் திறக்கும், மவுஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதெல்லாம் அடங்கி முதல் தாள் வர இரண்டே முக்கால் நிமிடம். ஹார்டு டிஸ்க் உள்ள மெஷின் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் வாத்தியார் சாரிடம் ஒரு கேள்வி. புதுசை எப்படி அணைத்தீர்கள்? ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் கொடுத்துத்தானே? அப்படியானால் அந்த 14 நொடியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வேலை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு-வை அமுக்கினால் கீழே ‘அப் டைம்’ என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:

19 நாள் 4 மணி நேரம் என்று காட்டுகிறதே! தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் மூடி வைக்கிறேன். கெட்டுப்போய்விட்டதா?

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

கெடவில்லை. 19 நாளாக அது முழுதாக அணையவே இல்லை, அவ்வளவுதான். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஷட் டவுன் கொடுத்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற்றிவிடும், திறந்திருந்த செயலிகளையெல்லாம் மூடிவிடும். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி), டிரைவர் எல்லாவற்றையும் அப்படியே அள்ளி டிஸ்க்கில் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். மறுநாள் பட்டனை அமுக்கினால் அடுப்புப் பற்றவைத்து உலை வைத்துப் பொங்குகிற வேலை கிடையாது, நேற்று வடித்த சோற்றை எடுத்து வைக்கிறது. சீக்கிரம் வராமல் என்ன செய்யும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்த வேலையைச் செய்யாது. முழுதாக இறக்கி முழுதாக ஏற்றும். கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துட்டேன், சவுண்டு வரல, வைஃபை வரல’ என்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே ரீஸ்டார்ட் கொடுப்பேன், வந்துவிடும். காசு வாங்கவே கூச்சமாக இருக்கும்.

ஷிஃப்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். அப்படி அணைத்து நேரம் எடுங்கள். உங்கள் பழசில் எஸ்எஸ்டி போட்டவர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

டவுன் கணக்குப்பிள்ளை:

வாத்தியாரே, உம்முடைய 26-ம் 14-ம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதின காலத்தில் டாஸ் மெஷின். சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரையில் ராம் எவ்வளவு என்று மீட்டர் ஓடுகிற மாதிரி எண்ணிக்கொண்டு போகும், ஒரு ‘பீப்’, உடனே சி-டிரைவ் புள்ளி வந்து நிற்கும். அவ்வளவுதான் பூட், அதாவது மெஷின் எழுந்து தயாராகிறது. நான் பேனாவைத் திறப்பதற்குள் வந்துவிடும். அதற்கு அப்புறம் விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி என்று வர வரத்தான் டீக்கடைக்குப் போய்வர நேரம் கிடைத்தது. 2007-இல் விஸ்டா வந்தது பாரும், அதை 1 ஜிபி ராமில் போட்டுக் கொடுத்தான் ஒருத்தன். சாமி சந்நிதி வரைக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பிராசஸர் வருடா வருடம் வேகமாகிக்கொண்டே வந்ததே, பிறகு ஏன் பூட் மட்டும் இழுத்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லும்.

சென்னையில் நெல்லையான்:

அண்ணாச்சி, அதற்குக் காரணம் ஹார்டு டிஸ்க்தான். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வந்து சேர, சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், ஐந்தரை மில்லி நொடி. அதற்கு முன்னால் ஊசி அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அது ஒரு 12 என்று வையுங்கள். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற ஒரு சின்னத் துண்டை எடுக்க 17, 18 மில்லி நொடி. நொடிக்கு அறுபது துண்டுகூடத் தேறாது. விண்டோஸ் ஏறும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத்தான் கேட்கிறது. டாஸுக்குத் தேவைப்பட்டது மூன்று நான்கு கோப்பு.

பிராசஸர் எத்தனை மடங்கு வேகமானாலும் அந்தத் தட்டு அதே 5400-இல்தான் சுற்றியது. தெற்கு பஜாரில் கார் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் முன்னால் போகிற மாட்டு வண்டி வேகத்தில்தானே போக முடியும், அந்தக் கதை. எஸ்எஸ்டி-யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி-கூட நொடிக்குப் பல்லாயிரம் துண்டு கொடுக்கும்.

வாத்தியார் சாரின் பழசு தாக்குப்பிடிப்பதற்கும் இதுதான் காரணம். விளம்பரத்தில் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500 எம்பி, அதற்கும் மேலே என்றெல்லாம் போடுவார்கள். அது ஒரு பெரிய சினிமாப் படத்தை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது. பூட் ஆகும்போது அந்த ஆறேழு மடங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வந்ததுதான் பெரிய தாண்டல், அதிலிருந்து என்விஎம்இ-க்கு ஒரு சின்ன எட்டு வைத்தது மட்டுமே.

டவுன் கணக்குப்பிள்ளை:

இப்போது விளங்குகிறது. முப்பது வருடத்துக்கு அப்புறம்.

பாளை வாத்தியார்:

சர்வீஸ் தம்பி சொன்னபடி செய்தேன். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு முழுதாக அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்தேன். புதுசு 34 நொடி! இன்னொரு தடவை, 33. பழசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, எனவே அந்த 26 நொடி நிஜமான 26. அதாவது 2012 மாடல் இந்த வருடத்து மாடலை எட்டு நொடி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டது. இதை வீட்டில் சொல்லலாமா வேண்டாமா?

கல்லிடை ஜெராக்ஸ் அக்கா:

சொல்லாதீர்கள் சார்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

34 என்பது அதிகம். எங்கோ இடிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு நொடிக் கணக்கு இருக்கும். விண்டோஸ் கைக்கு வருவதற்கு முன்னால் மதர்போர்டு தன் பங்குக்கு எடுத்துக்கொண்ட நேரம் அது. உங்கள் பழசு பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறது என்றால் அதில் இந்த வரி தெரியாது, அதற்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ளதில் மட்டும்தான் வரும்.

பாளை வாத்தியார்:

19.6 நொடி.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

அதுதான். விண்டோஸுக்கு ஆனது 14 நொடிதான், பாக்கி முழுக்க அதற்கு முன்னாலேயே போயிருக்கிறது. யூஎஸ்பி-யில் என்ன சொருகி வைத்திருக்கிறீர்கள்?

பாளை வாத்தியார்:

பழைய ஹார்டு டிஸ்க்கைத்தான் ஒரு டப்பாவில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்திருக்கிறேன். போட்டோக்களை மாற்றிக்கொண்டிருந்தேன், அப்படியே சொருகிக் கிடக்கிறது.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

பிடுங்குங்கள் சார். மெஷின் ஆன் ஆனதும் யார் யாரிடம் பூட் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும். நீங்கள் 2012-இல் வாங்கின அதே தட்டு சுற்றி எழுந்து பதில் சொல்லும்வரை புதுசு கைகட்டிக் காத்துக்கொண்டு நிற்கிறது. பயாஸ் அமைப்புக்குள் போய் நெட்வொர்க் பூட் (நெட்வொர்க் வழியாகப் பூட் தேடுவது) இருந்தால் அதையும் அந்த வரிசையில் கீழே தள்ளிவிடுங்கள்.

ஆனால் ஒன்று, பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு உள்ளே போனாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது உண்டு. பயாஸில் எதையாவது மாற்றினால், நீ யார் என்று கேட்டு 48 இலக்க எண் கேட்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் இணையம் வழியாகப் போய்ப் பார்த்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் தொடுங்கள். சாவி இல்லாமல் வந்து நிற்கிறவர்களுக்கு நான் என்ன, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

உவரிக்காரன்:

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு லேப்டாப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், திரை வராது, தானாக அணைந்து மறுபடி எரியும், இரண்டு மூன்று முறை இப்படி ஆகிவிட்டு அப்புறம் வரும். வந்துவிட்டால் வேகம்தான். 2015 மாடல்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

கடற்கரை வீடா? உப்புக் காற்று. ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி மறுபடி போடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உவரி, கூடங்குளம் பக்கமிருந்து வருகிற மெஷினில் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

இதே மாதிரி வேறு ஒன்றும் உண்டு, அதற்குப் பயப்படாதீர்கள். டிடிஆர்5 ராம் உள்ள புது மெஷினில் முதல் தடவையோ, பயாஸ் அப்டேட் செய்த பிறகோ, திரை கறுப்பாகவே கொஞ்ச நேரம் நிற்கும், சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேலும். ராமோடு பேசிப் பழகிக்கொள்கிறது. பதறிப் பட்டனை அமுக்கக் கூடாது.

முக்கூடல் தம்பி:

அண்ணே, எல்லாரும் நொடிக் கணக்கில் பேசுகிறீர்கள், நான் நிமிடக் கணக்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்ததும் விண்டோஸ் வேண்டுமா பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்குமே, அந்த வகை. டெஸ்க்டாப் வர மூன்று நிமிடம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறார்கள். நான் பட்டனை அமுக்கினதிலிருந்து வருவதற்குள் ஐந்து பீடி சுற்றி முடித்துவிடுவார்கள், சில நாள் ஆறு. எனக்குக் கல்லூரிப் பாடம் பார்க்க, டைப் அடிக்கத்தான். புதுசு வாங்க வழியில்லை. இதில் எஸ்எஸ்டி வேலை செய்யுமா?

கல்லிடை ஜெராக்ஸ் அக்கா:

அந்த லேப்டாப்பில்தான் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் மவுஸ் பிடிக்கக் கற்றார்கள். 2011-இல் திட்டம் தொடங்கி முதல் லாட் வந்தபோது பெட்டியைப் பிரிக்காமல் பூஜையில் வைத்தார்கள் ஒரு வீட்டில். தூக்கிப் போடாதே தம்பி.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

தாராளமாக வேலை செய்யும். அதில் டிஸ்க் இணைப்பு பழைய சாட்டா 2 ஆக இருந்தாலும் கவலை இல்லை, மேலே அந்தச் சென்னைத் தம்பி சொன்ன மாதிரி பூட்டுக்கு வேண்டியது சின்னத் துண்டுகளைச் சட்டென்று எடுக்கிற வேகம். ஆனால் முதலில் பழைய டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பார். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள், போட்டால் ‘நல்லது’, ‘எச்சரிக்கை’ என்று நிறத்தில் காட்டும். மஞ்சளாக இருந்தால் பூட் தாமதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். படிக்க முடியாத இடத்தை அது விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதிலேயே நிமிடம் போய்விடும். அப்படி இருந்தால் வேறு எதையும் செய்யாதே, அக்காவின் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் எடு.

ராமையும் 4 ஜிபி ஆக்கிவிடலாம். அதில் டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று கழற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், நீயாகக் கடையில் வாங்கிவிடாதே.

சென்னையில் நெல்லையான்:

விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது, காசு கட்டியோ பதிவு செய்தோ நீட்டித்தவர்களைத் தவிர. 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும், இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது கேட்கும். இந்த மெஷினுக்கு அது ஆகாது. அக்கா திட்டினாலும் பரவாயில்லை, முக்கூடல் தம்பிக்கு லினக்ஸ்தான். தமிழ் டைப்பிங்கும் வரும். போட்டதும் டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்று அடித்துப் பார், எந்தக் கட்டத்துக்கு எத்தனை நொடி ஆனது என்று பிரித்துக் காட்டும். அதோடு பிளேம் என்று சேர்த்தால் யார் தாமதப்படுத்தினான் என்று பெயரோடு பட்டியல் போட்டுவிடும்.

கல்லிடை ஜெராக்ஸ் அக்கா:

இந்த ஒரு தடவை திட்டவில்லை.

சர்வீஸ் தம்பி, என் கதைக்கு அப்புறம் வருகிறேன் என்றாயே?

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

அக்கா, உங்களுக்கு இரண்டு வேலை. அதே டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தானாகக் கிளம்புகிற செயலிகளின் பட்டியல் இருக்கும். பிரிண்டர், ஆன்டிவைரஸ் தவிர மற்றதையெல்லாம் நிறுத்துங்கள். அப்புறம் ராத்திரி ஷட் டவுன் வேண்டாம், ஸ்லீப்பும் வேண்டாம். உங்கள் மெஷினில் பேட்டரி செத்துப்போய் இரண்டு வருடம் இருக்குமே? ஸ்லீப்பில் விட்டால் ராமுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று ஒரு நாள் நிறுத்தினால் திறந்து வைத்தது எல்லாம் போய்விடும். ஹைபர்னேட் வையுங்கள், டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். எஸ்எஸ்டி பற்றி நான் போன தீபாவளிக்கே சொன்னேன்.

கல்லிடை ஜெராக்ஸ் அக்கா:

நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. சரி, தையில் பார்க்கலாம்.

பாளை வாத்தியார்:

வெளி டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டேன், மீட்புச் சாவியை டைரியில் எழுதிவிட்டேன், நெட்வொர்க் பூட்டையும் கீழே இறக்கிவிட்டேன். இப்போது முழுதாக அணைத்துப் போட்டால் 21 நொடி. பயாஸ் நேரம் 7. ஆகப் பழசு 26, புதுசு 21. மானம் காப்பாற்றப்பட்டது.

இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், ‘நான் எங்கப்பா ஷட் டவுன் பண்றேன், மூடி பையில வைப்பேன், திறந்தா வந்துரும்’ என்கிறாள். தினமும் ராத்திரி எழுந்துபோய் ஷட் டவுன் கொடுத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தன்தான்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

மூடிப் பையில் வைப்பது சரிதான், ஆனால் இப்போதைய மெஷின் பலதும் மூடின பிறகும் போன் மாதிரி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். பைக்குள் சூடாகும், காலையில் பார்த்தால் பேட்டரி பாதி இருக்காது. மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று பவர் அமைப்பில் மாற்றிக் கொடுங்கள். திறக்கும்போது ஒரு ஐந்தாறு நொடி கூட ஆகும் என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நான்தான் கெடுத்தேன் என்பார்.

முக்கூடல் தம்பி, புதன்கிழமைக்குள் வா. சார்ஜரையும் சேர்த்துக் கொண்டு வா.

முக்கூடல் தம்பி:

போய்வந்தேன். டிஸ்க் மஞ்சள்தான், போட்டோக்கள் முழுக்க எடுத்தாயிற்று. 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட். 31 நொடி. அம்மாவுக்குத் தெரியாமல்தான் நேரம் எடுத்தேன், முதல் பீடிக்கு இலையில் தூளை வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘என்னல, அதுக்குள்ள வந்துட்டு?’ என்றார்கள்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணே. தினமும் ஆன் செய்யும்போது தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது. இணையத்தோடு சேர்ந்த பிறகுதான் சரியாகிறது.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:

சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும், மெஷின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். வட்டமாகக் கொட்டைப் பாக்கு வில்லை மாதிரி இருக்கும், 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில மாடலில் வயரோடு இருக்கும், அதனால் கழற்றிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வாங்கு.